பிழையை யார் பற்றில் எழுதுவது?

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்: "எங்கள் பெரியப்பச்சிக்கு (பெரியப்பாவுக்கு) ஒரு சாமியார் குரு. அவர் வேண்டாமென்று சொன்னதால் என் தங்கைக்கு வந்த நல்ல இடம் இரண்டு தட்டிப்போய்விட்டது. ஏன் என்று கேட்டால், 'சாத்திரமும் குருவாக்கும் பிழைக்காது, நீ படிச்ச படிப்புக்கு அது புரியாது' என்கிறார். தேவகோட்டையில் கூடப் படித்த கிறிஸ்தவத் தோழியிடம் சொன்னேன். 'எங்க போப்பாண்டவரும் தப்பே பண்ணமாட்டார்னுதான் சொல்லுவாங்க' என்றாள். பிழையே செய்யாத ஒன்று மதத்தில் இருக்க முடியுமா? இருக்காது என்று நினைத்தால் நான் நாத்திகமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. நான் தினமும் திருநீறு பூசுகிறவன், பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்கிறவன். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பிறகு, காரைக்குடியில் பத்துப் பதினைந்து பேருக்குச் சைவ சித்தாந்த வகுப்பு நடத்துகிறேன். நீங்கள் கேட்டதை அந்த வகுப்பில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது யாராவது கேட்டுவிடுவார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் கேட்பார்கள். முடிவெடுப்பவர் ஒருவர், அந்த முடிவோடு குடித்தனம் நடத்துகிறவர் இன்னொருவர் என்றிருக்கிற வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உங்கள் பெரியப்பச்சி ஒரே மூச்சில் இரண்டைச் சொல்லியிருக்கிறார்: சாத்திரம், குரு. இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்ட அவரால் முடியாது. சாத்திரம் பிழைக்காது என்று மிகக் கறாராக வாதாடியவர்கள் மீமாம்சகர்கள், வேதத்துக்குப் பொருள் சொல்வதையே வேலையாகக் கொண்ட தத்துவக் கட்சிக்காரர்கள். அவர்களுடைய வாதம் தொடங்குவதே மனிதர்கள் பிழை செய்பவர்கள் என்ற இடத்திலிருந்துதான். ஒரு பேச்சில் பொய் எப்படி வருகிறது? பேசுகிறவனுக்கு ஆசை, மறதி, அறியாமை ஏதாவது இருப்பதால் வருகிறது. வேதத்தைப் பேசியவர் என்று ஒருவரும் இல்லை, அது யாராலும் ஆக்கப்படாதது, 'அபௌருஷேயம்'. ஆள் இல்லாததால் ஆளின் குறையும் அதில் இல்லை. இவ்வளவுதான் வாதம். கடவுள் சொன்னார் என்றுகூட அவர்கள் சொல்லவில்லை, கவனியுங்கள்.

ஏழாம் நூற்றாண்டில் இந்தக் கட்சிக்காகப் பேசிய குமாரில பட்டர், புத்தர் எல்லாம் அறிந்தவர் என்று சொன்ன பௌத்தர்களை மடக்கிய விதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒருவர் எல்லாம் அறிந்தவர் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? அவர் அறிந்தது அத்தனையும் உனக்கும் தெரிந்தால்தானே சரிபார்க்க முடியும்? அப்படியென்றால் நீயும் எல்லாம் அறிந்தவன். உன்னைச் சரிபார்க்க அதேபோல் இன்னொருவன் வரவேண்டும், அவனுக்கு இன்னொருவன். இதைப் பெரியப்பச்சியின் குருவுக்கு வைத்துப் பாருங்கள். வேதத்தின் பெயரால் குருவைப் பிழையற்றவர் ஆக்க முயன்றால், வேதத்துக்காக வாதாடிய குமாரிலரே குறுக்கே வந்து நிற்பார்.

பௌத்தர் சும்மா இருக்கவில்லை. தர்மகீர்த்தி திருப்பிக் கேட்டார்: பொய் ஆளால் வருகிறது, சரி. மெய்யும் ஆளால்தானே வருகிறது? ஆளை எடுத்துவிட்டால் பிழை மட்டுமா போகும், உண்மையும் சேர்ந்தல்லவா போகும்? தமிழிலும் இந்தச் சண்டை உண்டு. நீலகேசி என்ற சமணக் காப்பியத்தில் பேயாக இருந்து மனம் திருந்திய பெண் ஒருத்தி ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு சமயத்தாரோடும் வாதிடுகிறாள். வேதவாதத்துக்கென்றே அதில் ஒரு சருக்கம் இருக்கிறது. பேயாக இருந்த பெண்ணுக்கு அந்த வாதத்தைக் கொடுத்த புலவனை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். ஆனால் தன்னுடைய அருகதேவனுக்கு வந்ததும் அவளும் முற்றறிவு என்று சொல்லி நின்றுவிடுகிறாள். குமாரிலரின் கேள்வி அவளுக்கும் பொருந்தும்.

இவர்களை எல்லாம்விட நியாய சூத்திரம் என்ற பழைய தர்க்க நூல் நம் வீட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. அதில் எதிர்க்கட்சிக்காரன் ஒரு குற்றச்சாட்டு வைக்கிறான்: பிள்ளை வேண்டுமென்றால் இந்த வேள்வி செய் என்று வேதம் சொல்கிறது, செய்தோம், பிள்ளை பிறக்கவில்லை, ஆகவே வேதம் பொய். பதில் என்ன தெரியுமா? வேதத்தில் குறை இல்லை. செயலில் குறை இருக்கலாம், செய்தவனிடம் குறை இருக்கலாம், செய்யப் பயன்படுத்திய பொருளில் குறை இருக்கலாம்.

இந்த இடத்தை முதல்முதலாகப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் ஆயா, என் பாட்டி, ஞாபகம் வந்துவிட்டது.

ஆயாவின் தம்பி பதினான்கு வயதில் பர்மாவுக்கு, வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் போனவர். அங்கேயே வேலை பழகிப் பெகுவில் ஒரு கடைக்கு அடுத்தாளாக, அதாவது கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த நிலையில் இருப்பவராக, ஆனார். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942 மார்ச்சில் ரங்கூனே விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் அசாம் வழியாகவும் நடந்தார்கள். தம்பியிடமிருந்து கடிதம் நின்றுபோயிற்று. கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளை வந்தால் ஆள் வந்துசேருவார். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள், வெள்ளை வந்தது. வீட்டில் அன்றைக்குப் பால்பாயசம்.

வருடம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. சாமி பொய் சொல்லுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே விளக்கங்கள் வந்தன. நாள் சரியில்லாத நாளில் கேட்டுவிட்டோம் என்றார் ஒருவர். 'வருவான்னுதானே சொன்னுச்சு, எப்பன்னு சொல்லலையே' என்றார் இன்னொருவர். கடைசியில் அரக்கான் வழியாக நடந்து வந்த ஓராள் ஊருக்கு வந்து, வழியில் காலராவில் தம்பி போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகும் விளக்கம் நிற்கவில்லை. பொட்டலம் மடித்தவர் ஆயா. மடித்த கையில் ஏதோ தீட்டு இருந்திருக்கிறது, அதனால்தான் வாக்கு மாறிவிட்டது என்று பேச்சு வந்தது. யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்தது, ஆயாவைத் தவிர. எண்பது வயதில்கூட 'பொட்டலத்தை மடிச்சது நாந்தானேப்பா' என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். செயல், செய்தவன், பொருள் என்று நியாய நூல் சொன்ன மூன்றில் நடுவில் இருக்கிறவள் என் ஆயா.

பிழையாமையைப் பற்றி நான் கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயம் இதுதான். ஒன்றைப் பிழைக்காதது என்று நாம் அறிவித்துவிட்டால், பிழை நடப்பது நிற்பதில்லை. அந்தக் கணக்கில் எழுத முடியாததால் வேறொருவர் கணக்கில் பற்று விழுகிறது. அப்படி விழுவது பெரும்பாலும் எதிர்த்துப் பேச முடியாதவரின் கணக்கில். உங்கள் தங்கைக்கு இரண்டு இடம் தட்டிப்போனதற்கு வீட்டில் இப்போது யாருடைய ஜாதகத்தைக் குறை சொல்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குருவுடையதாக இருக்காது.

இனி உங்கள் தோழி சொன்னது. அது பாதி சரி, பாதி தவறு. பல கத்தோலிக்கர்களே இப்படித்தான் சொல்வார்கள்.

தமிழ்க் கத்தோலிக்கர் 'வழுவா வரம்' என்று சொல்லும் கோட்பாடு 1870 ஜூலை 18 அன்று முதலாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவிக்கப்பட்டது. அப்போது திருத்தந்தையாக, அதாவது போப்பாண்டவராக, இருந்தவர் ஒன்பதாம் பயஸ். அன்று ரோமில் இடியும் மழையும். கோயிலுக்குள் இருட்டிவிட்டது. ஆதரித்து 533 பேர், எதிர்த்து 2 பேர். எதிர்ப்பே இல்லை என்று தோன்றும், ஆனால் மறுத்து வாக்களிக்க மனமில்லாத அறுபது பேர் அளவில் முன்னாலேயே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் பிரான்சு பிரஷ்யா மேல் போர் அறிவித்தது. செப்டம்பரில் இத்தாலியப் படை ரோமைப் பிடித்தது. தன் நாட்டை இழந்துகொண்டிருந்த நேரத்தில் ஒருவருக்குப் பிழையாமை உறுதியாயிற்று. நான் இதில் கிண்டலாக எதையும் சொல்லவில்லை. கையிலிருப்பது நழுவும்போது வாக்கில் பிடி இறுகுவது நம் வீடுகளிலும் நடப்பதுதான்.

ஆனால் அந்தத் தீர்மானம் சொன்னது என்ன? போப்பாண்டவர் தப்பே பண்ணமாட்டார் என்று சொல்லவில்லை. அவர் பாவம் செய்யலாம், அரசியலில் ஏமாறலாம், விஞ்ஞானத்தில் தவறலாம். எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பர் என்ற பதவியில் அமர்ந்து, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒன்றை, முழுத் திருச்சபையும் ஏற்க வேண்டியது என்று அறுதியிட்டுச் சொல்லும்போது மட்டும்தான் இந்த வரம். 1870-க்குப் பிறகு இப்படி ஐயத்துக்கு இடமில்லாமல் அது பயன்பட்டது ஒரே ஒரு தடவை. 1950 நவம்பர் 1 அன்று பன்னிரண்டாம் பயஸ் மாதாவின் விண்ணேற்பை அறிவித்தார். உங்கள் தோழி ஆகஸ்ட் 15 அன்று கொண்டாடும் திருநாள் அது.

இவ்வளவு வேலி ஏன் போட்டார்கள்? வேலிக்கு வெளியே கிடந்தவை அப்படி. ஏழாம் நூற்றாண்டில் ஹொனோரியுஸ் என்ற திருத்தந்தை எழுதிய கடிதத்துக்காக, அவர் இறந்து பல வருடம் கழித்து 680-81-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய பொதுச்சங்கமே அவரைக் கண்டித்தது. இருபத்திரண்டாம் யோவான் என்ற திருத்தந்தை 1331-இல் ஒரு பிரசங்கம் செய்தார்: நல்லவர்களின் ஆன்மாக்கள்கூடக் கடைசித் தீர்ப்பு நாள் வரை கடவுளை நேருக்கு நேர் காணமாட்டா என்று. இறையியலாளர்கள் எதிர்த்தார்கள். 1334-இல் மரணப் படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இரண்டே வருடத்தில் அவருக்கு அடுத்தவர் அதற்கு நேர்மாறானதைக் கோட்பாடாக்கினார்.

இதே யோவானிடம் இன்னொரு வேடிக்கை உண்டு. பிரையன் டியர்னி என்ற வரலாற்றாசிரியர் 1972-இல் எடுத்துக்காட்டியது. பிழையாமை என்ற எண்ணத்தை அந்தக் காலத்தில் முன்வைத்தவர்கள் பிரான்சிஸ்கன் துறவிகள். தங்கள் ஏழ்மை வாழ்வுக்கு ஆதரவாக முந்தைய திருத்தந்தை ஒருவர் கொடுத்த தீர்ப்பு என்றைக்கும் மாறக்கூடாது என்பது அவர்கள் விருப்பம். யோவான் சீறினார். முன்னவர் வாக்கு பிழைக்காது என்றால் பின்னவர் கை கட்டப்பட்டுவிடுகிறதே! பதவியில் இருக்கிறவருக்கே அது பாரம் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. உங்கள் பெரியப்பச்சியின் குருவுக்கும் ஒருநாள் புரியும்: 'வேண்டாம்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு அவரே நினைத்தாலும் 'சரி, பரவாயில்லை' என்று சொல்ல முடியாது.

கலிலியோவை 1633-இல் மண்டியிட வைத்ததற்கு 1992-இல்தான் இரண்டாம் யோவான் பவுல் தவறு நடந்ததை ஒப்புக்கொண்டார். அது வழுவா வரத்தின் கீழ் வந்த தீர்ப்பு இல்லை என்று கத்தோலிக்க அறிஞர்கள் சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால் மண்டியிட்ட கிழவருக்கு அந்த வேறுபாடு எந்த விதத்தில் உதவியது? 359 வருடம் அந்தப் பற்று அவர் பெயரில்தான் கிடந்தது. ஹன்ஸ் கியூங் என்ற சுவிஸ் இறையியலாளர் இந்த வரத்தையே 1970-இல் கேள்விக்கு உட்படுத்தினார். 1979-இல் கத்தோலிக்க இறையியல் ஆசிரியராகக் கற்பிக்கும் அனுமதி அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அவர் கடைசிவரை குருவானவராகவே இருந்தார். நாத்திகர் ஆகவில்லை.

இஸ்லாத்திலிருந்து ஒன்றே ஒன்று சொல்கிறேன், அது போதும். பேரீச்சை மரத்தில் ஆண் பாளையைப் பெண் பாளையில் சேர்ப்பதைப் பார்த்து, அது தேவையில்லாதது போல நபிகள் சொன்னதாகவும், ஜனங்கள் அதை விட்டுவிட்டதில் விளைச்சல் குறைந்ததாகவும், அப்போது அவர் 'உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்றாக அறிவீர்கள்' என்ற பொருளில் சொன்னதாகவும் 'ஸஹீஹ் முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. விளைச்சல் குறைந்ததற்கு மரம் ஏறியவனைக் குறை சொல்லவில்லை. அந்த ஒரு காட்சிக்காக நான் அதைத் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு.

நம் சைவத்துக்கு வருவோம். குருவே சிவம் என்று நந்தி கூறினார் என்பது திருமந்திரம். பெரியப்பச்சி இதை நிச்சயம் சொல்லியிருப்பார். அதே திருமந்திரத்தில் குருட்டினை நீக்காத குருவைக் கொள்கிறவர்களைப் பற்றியும் பாட்டு உண்டு: 'குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குருடும் குருடும் குழிவிழு மாறே.' இரண்டையும் பாடியவர் ஒருவரே. குருவைச் சிவமாகக் கொள்ளச் சொன்னவர், எந்தக் குருவை என்று பார்க்கிற வேலையை நம் தலையில்தான் வைத்திருக்கிறார்.

சித்தாந்தத்தில் அறிவதற்கான வழிகள், அதாவது அளவைகள், மூன்றில் அடங்கும்: காண்டல், கருதல், உரை. உரை என்பது மெய்நூல் வாக்கு. அதற்கு இடம் உண்டு, பெரிய இடம். ஆனால் மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு அது தனியே நிற்பதில்லை. ஆதிசங்கரரும் கீதை உரையில், நெருப்பு குளிரும் என்று நூறு சுருதி சொன்னாலும் அது பிரமாணம் ஆகாது என்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் சிவப்பிரகாசத்தில் சொன்னது இன்னும் நேரடியானது: 'தொன்மையவாம் எனும் எவையும் நன்றாகா இன்று தோன்றிய நூல் எனும் எவையும் தீதாகா.' இது சீர்திருத்த மேடைப் பேச்சு இல்லை. பதினான்கு சித்தாந்த சாத்திரங்களில் ஒன்றின் வாக்கு. சாத்திரத்தை நம்புகிறவர் இதையும் நம்பியாக வேண்டும். நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது பெரியவர்கள் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய் நினைத்துப் பார்த்துவிட்டு மறுவாரம் கொஞ்சம் கோபத்தோடு வருவார்கள்.

சாத்திரம் பிழையற்றதாகவே இருக்கட்டும், அதில் உள்ளது ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகிறதே, அது போதாதா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அவருக்கு நான் சொன்ன பதில் செட்டிநாட்டுக்காரனால் மட்டுமே சொல்லக்கூடியது.

நம் வட்டிக்கடைப் பேரேடுகளைப் பார்த்திருப்பீர்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, சிவமயம். சாமி பெயரைப் போட்டுத் தொடங்கிய கணக்கை, சாமி பெயரில் இருக்கிறது என்பதற்காக யாரும் பார்க்காமல் விட்டதில்லை. கோயில் மகமைக்கும் கணக்கு உண்டு. கடையை நடத்திய மேலாள் சொந்த அம்மானாக இருந்தாலும் கணக்கு முடித்து ஐந்தொகை, அதாவது வரவும் பற்றும் நேராகிறதா என்று காட்டும் இருப்புக் கணக்கு, போட்டுக் காட்டியாக வேண்டும். ஒரு அணா இடித்தால் விளக்கை ஏற்றிக்கொண்டு உட்காருவார்கள். பக்தியும் தணிக்கையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஊர் இது.

ஆனாலும் என்ன ஆயிற்று? பர்மாவில் ஐந்தொகை எல்லாம் நேராகத்தான் இருந்தது. கொடுத்த கடன், வரவேண்டிய வட்டி, அடமானத்தில் நிலம், எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. 1930-இல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயியால் திருப்பிக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்தது நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு. 1938-க்குள் அது 25 பங்கு. வேண்டும் என்று வாங்கிய நிலமா? பணத்துக்குப் பதிலாக வந்து விழுந்த நிலம். 1948-இல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. பேரேட்டில் ஒரு கூட்டல் தப்பு இல்லை. ஒத்துப்போகிற கணக்கு வேறு, களத்தில் இருக்கிற நெல் வேறு. ஒரு நூல் தனக்குள் முரணில்லாமல் இருப்பது அதன் அழகு. அது மெய் என்பதற்கு அந்த அழகு மட்டும் சாட்சி ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. டப்ளினில் ஜார்ஜ் சால்மன் என்று ஒரு கணிதப் பேராசிரியர், பிறகு இறையியலாளர் ஆனவர், 1888-இல் சொன்னது. ஒரு திருச்சபை பிழைக்காது என்று நம்பி அதில் நான் சேர்கிறேன் என்று வையுங்கள். சேர்வது சரியா என்று முடிவெடுத்தது யார்? பிழைக்கக்கூடிய என் அறிவு. அந்த முடிவு எவ்வளவு உறுதியோ அதைவிட உறுதி எனக்கு எங்கிருந்து வரும்? அந்தக் குரு பிழைக்கமாட்டார் என்று தேர்ந்தெடுத்தவர் பெரியப்பச்சி. ஆகவே வீட்டில் உண்மையில் பிழைக்காதவராக அமர்ந்திருப்பவர் குரு இல்லை, பெரியப்பச்சி. இதை அவரிடம் இப்படியே சொல்ல வேண்டாம்.

மரபு என்பதற்கும் இதே கணக்குத்தான். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவித் தேர் உங்களுக்குத் தெரியும். வடம் பிடிக்கும் உரிமை யாருக்கு, தலித்துகள் பிடிக்கலாமா என்ற வழக்கில் நீதிமன்றப் படியேறி, பல வருடம் ஓடாமல் நின்று, 2024 ஜூனில் ஓடியது. 'வழக்கம் இப்படித்தான், மாற்ற முடியாது' என்று சொன்னவர்கள் யாரும் வழக்கம் பிழையாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. தேர் நின்றுகிடந்த ஆண்டுகளுக்கான பழியை மட்டும் உரிமை கேட்டவர்கள் பெயரில் எழுதினார்கள்.

மறுபக்கத்துக்கும் ஒரு வார்த்தை. சாமியை விட்டுவிட்டால் இந்த நோய் தானாகத் தீர்ந்துவிடும் என்று என் மாணவர்களில் சிலர் நினைக்கிறார்கள். தீராது. கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்ற பூதவாதியைப் பார்த்து மணிமேகலை சிரிக்கிறாள்: அப்படியானால் உன் தாய் தந்தை யாரென்று உனக்கு எப்படித் தெரியும்? பிறர் சொல்லை நம்பாமல் ஒருவரும் ஒருநாள்கூட வாழ முடியாது. டாக்டர் சொல்வதை நம்புகிறோம், பஸ் நடத்துநர் சொல்வதை நம்புகிறோம். நம்பிக்கை தப்பில்லை. சொன்னது பிழையானபோது சொன்னவர் என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தான் சொன்னதையே அப்படியே நம்பாதே, உன் அறிவால் பார் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன பெரியாரின் வாக்கையே மாற்றக்கூடாத வேதமாக வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே பெரியாரோடு மேடையில் உட்கார்ந்து, அவரை மறுத்தும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டும் பேசியவர் நம் குன்றக்குடி அடிகளார், ஓர் ஆதீனத்தின் தலைவர். அடிகளாரின் நம்பிக்கை அதனால் ஒரு பிடி குறைந்ததாக நம் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

நீங்கள் திருக்கோட்டியூர் போயிருப்பீர்கள், திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகிற வழி. அந்தக் கோயிலின் கதையை எல்லோரும் ராமானுஜர் கதையாகவே சொல்வார்கள். திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்கப் பதினெட்டுத் தடவை நடந்தார். யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு நம்பி சொன்னார். ராமானுஜர் கோபுரத்தில் ஏறிக் கூட்டத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார். நான் ஒருவன் நரகம் போனால் என்ன, இத்தனை பேர் பிழைப்பார்களே என்றார்.

எனக்கு அந்தக் கதையில் பெரியவராகத் தெரிவது நம்பி. குருவாக்கை மீறிவிட்டான், அதுவும் ஊரறிய. கோபத்தோடுதான் வந்தார். வந்தவர் சீடனின் பதிலைக் கேட்டார், தன் கட்டளை சின்னதாகிவிட்டதைக் கண்டார், 'எம்பெருமானார்' என்று சீடனை அணைத்துக்கொண்டார். பற்றைச் சீடன் பெயரில் எழுத அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. நரகம் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார், சீடனும் ஒப்புக்கொண்டிருந்தான். அவர் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டார். அதனால் அவருடைய குரு ஸ்தானம் போய்விட்டதா? நூற்றாண்டுகளாக அவரைச் சேவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியப்பச்சியின் குரு எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் போய் எதிர்வாதம் செய்யச் சொல்லமாட்டேன். தங்கைக்கு அடுத்த இடம் வரும்போது, குரு வேண்டாம் என்று சொன்னால், காரணத்தைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நம் வீடுகளில் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதாமல் கல்யாணம் உண்டா? எழுதுவது நமக்கு அவமரியாதை இல்லை. வாயில் சொன்னதற்குப் பின்னால் எந்த விளக்கமும் சொல்லலாம். எழுதியதற்கு அப்படி முடியாது.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. தட்டிப்போன அந்த இரண்டு இடத்துப் பையன்களும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தீர்களா? நகரத்தார் என்றால் ஒன்பது கோயில் வழியினருக்குள்தானே எல்லோரும். இரண்டு போன் போட்டால் தெரிந்துவிடும்.